ஸ்டோர் கதவில் சாய்ந்தபடி

மதினி, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவிடுக்கில் வருகிற வாசனை உங்க சேலையில் அடித்த அதே வாசனை. ஆனால் உள்ளே காய் ஒன்றுகூட இல்லை. முதல் எடுப்பு காய்ந்து நேற்றே மூட்டை கட்டிவிட்டார்கள். உள்ளே காய்வது என் பேத்தி செய்த ஒன்பது கூடு.

நீங்க இந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்போது அவள் தவழ்கிற பிள்ளை. இப்போது மெட்ராஸில் கலை படிக்கிறாள். நம்ம லயத்து வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனது அவள் ஒருத்திதான். லீவுக்கு வந்தவள் ஏலச்செடியின் காய்ந்த தண்டுத் தட்டையை உரித்தாள். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி வருமே, அதைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, வாழை நாரில் தைத்துக் கூடு கூடாகச் செய்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கத்து விரல் தெரியும். நாம் மிதித்து நடந்த தட்டை, மதினி! அதைக் கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். நாளைக் காலை பஸ்ஸுக்கு அவள் கிளம்பியாக வேண்டும்.

கெடுத்தது நான். பெருமை தாங்காமல் நேற்று மழையோடு மழையாக லயத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டேன். நனைந்த கம்பளியோடு வந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள்.

"ஏக்கா, இதுல எந்தக் குருவி குடியிருக்கப் போகுது?"

"உன் மருமகள விட்டுப் பாரேன். அவதான தனிக்குடித்தனம் கேக்குறா!"

ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே வாசலில் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ளே புகுந்ததைக் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் ஒன்பதும் நனைந்த அப்பளமாகத் தொங்கின. பிள்ளை ஒன்பதையும் மெதுவாக எடுத்தாள். அடுப்புப் பக்கம் கொண்டு போனாள். "வேண்டாம் தாயி, சுருண்டு வெடிச்சிரும்" என்று வாங்கிக்கொண்டு, கங்காணியிடம் கெஞ்சி ஸ்டோரில் வைத்தேன். சின்னத் தீ, மூடின கதவு. உங்க பக்குவம்தான்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மழைக்காலம் ஞாபகம் இருக்கா? காய் காய வைக்கிற வேலை உங்களுக்கு. நான் துணை. "காய் வேர்த்து முடியட்டும் புள்ள. நடுவுல காத்துப் பட்டா வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு விறகுக்குப் போனீங்க. எனக்குப் பொறுக்கவில்லை, கதவைத் திறந்து பார்த்தேன். பாதிக் காய் வாயைப் பிளந்துகொண்டது. அந்நாள் கங்காணி வந்து கத்தினபோது, "நான்தான் திறந்தேன், இப்ப என்னங்கிறீங்க?" என்று முன்னால் வந்து நின்னீங்க. அந்தப் பருவம் முழுக்க உங்களைக் களைவெட்டுக்குத் தள்ளினான். அட்டை கடித்த காலோடு வருவீங்க. வெந்நீர் போட்டுக் கொடுத்தேனே தவிர, உண்மையை அவனிடம் சொல்லவில்லை.

திரும்ப ஸ்டோருக்கு வந்த அன்று இதே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தீங்க. "இனி எவ திறக்கணும்னாலும் என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் திறக்கணும்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீங்க.

பேத்தி மூன்று தரம் வந்துவிட்டாள்.

"அம்மாச்சி, ஒரே ஒரு தரம் எட்டிப் பாத்துக்கிறேன்."

"என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடிக்கிறாள். எனக்கு மட்டும் எட்டிப் பார்க்க ஆசையில்லையா? உள்ளே சுருண்டு கிடந்தால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? நீங்க பார்க்கிற மாதிரி மணிக்கட்டைக் கதவில் வைத்துப் பார்க்கிறேன். இன்னும் ஈரச் சூடுதான்.

திறந்தாச்சு, மதினி. எட்டுக் கூடு நிமிர்ந்து நிற்கிறது. ஒன்று வெடித்துவிட்டது.

"நான்தான் பசை சரியா வைக்கல, அம்மாச்சி" என்றாள்.

உங்க குரல் கேட்ட மாதிரி இருந்தது. "இல்ல தாயி. கெடுத்தது நான்தான்" என்றேன். நாற்பத்தைந்து வருஷம் முன்னால் அந்தக் கங்காணியிடம் சொல்லியிருக்க வேண்டியது.

நாளைக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் போகிறேன். டிரான்சிஸ்டர் வந்த அட்டைப்பெட்டியில் எட்டுக் கூடும் என் மடியில் இருக்கும். மெட்டு மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பெட்டியை அணைத்துக்கொள்வேன். பெட்டிக்குள் என்ன என்று பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கெல்லாம் என் பேத்தியைப் பற்றிச் சொல்லுவேன். மூடியை மட்டும் திறக்க மாட்டேன்.