கல்யாண டிஸ்க்கின் பளபளப்புப் பக்கம்

ஆம்பூர்
14-5-2007

அன்புள்ள ஃபீபி கண்ணுக்கு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த கிறிஸ்துராஜ் மாமா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜோஸும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினம் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மா அடுப்படியில் இருந்தாலும் அவள் காது கூடத்தில்தான் இருக்கும், அதனால் சர்ச் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான், கணக்குப்படி அது பத்தாம் வகுப்பு.

விஷயம் உன் கல்யாண வீடியோ. நீ இன்டர்நெட்டில் ஆறு ஃபைலாக ஏற்றி அனுப்பியதை பைபாஸ் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அப்துல் சமத் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து இறக்கினேன். அந்த மூன்று நாளும் ஆம்பூர் முழுக்க இன்டர்நெட் மெதுவாகிப்போய் ஷூ கம்பெனிக்காரர்கள் எல்லாம் யார் இழுக்கிறது என்று விசாரித்தார்களாம், நான்தான் என்று சமத் யாரிடமும் சொல்லவில்லை. இதில் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று உனக்குத் தெரியும். எட்டு மாசமாக ஞாயிறு ஞாயிறு உன் போன் மணி அடித்தால் அக்கா, அதான் உன் அம்மா, புழக்கடைக்குப் போய்விடுகிறது. சிஎஸ்ஐ சபைக் குடும்பத்துப் பெண் ரோமன் கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டாளே என்பது பாதிக் கோபம், கல்யாணம் சர்ச்சிலேயே நடக்கவில்லை, ஏதோ ஆபீசில் கையெழுத்து போட்டதோடு சரி என்று யாரோ சொன்னதை நம்பியது மீதிப் பாதி. அதனால் அக்கா மனசு இளகட்டும் என்று நான் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்லி வைத்தேன். வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டேன் என்றும், முன் வரிசையில் அம்மாவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு அதன்மேல் வெள்ளைப் பூங்கொத்து வைத்திருந்தாய் என்றும் சொன்னேன். அப்போது அரை நிமிஷம்தான் இறங்கியிருந்தது, அதில் யாரோ ஒருவர் முதுகு மட்டும் தெரிந்தது. நாற்காலி விஷயத்தைக் கேட்ட அக்கா அன்றைக்கு அரிசியை மூன்று தடவை களைந்தது.

டிவிடி பிளேயர் புதிதாக வாங்கினேன். ஆறாம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து பத்துப் பதினைந்து பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன், நீ நூறு என்று வைத்துக்கொள். அந்த அறையில்தான் ஃபேன் நன்றாக ஓடுகிறது என்று சாக்குச் சொல்லி அக்காவும் ஓரமாக வந்து உட்கார்ந்தது. டிஸ்க்கைப் போட்டேன். டிவியில் நோ டிஸ்க் என்று வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன், மறுபடி நோ டிஸ்க். பக்கத்து வீட்டு பில்கிஸ், "இன்னாண்ணே, பொண்ணு இன்னும் பொடவ கட்டி முடிக்கலியா?" என்று கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துகொண்டு, "நான் சொன்னேன்ல, ஒண்ணுமே நடக்கலன்னு பொட்டியே சொல்லுது பாரு" என்று உள்ளே போய்விட்டது. வந்தவர்களுக்கு வாங்கி வைத்த கேக் வாயில் வைக்க முடியவில்லை கண்ணு.

சமத் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன், "மாமு, பேஜார் பண்ணாதீங்க, நீங்கதான அப்படியே போட்டுக் குடுன்னீங்க, அது கம்ப்யூட்டருக்குப் புரியும், உங்க பிளேயருக்குப் புரியாது, கன்வர்ட் பண்ணி பர்ன் பண்ணாதான் ஓடும்" என்றான். ஒரே வீடியோ ஒரு பெட்டிக்குப் புரிவதும் இன்னொரு பெட்டிக்குப் புரியாததும் எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து நல்லபடியாகத்தான் சொன்னேன், "அக்கா, கவலப்படாத, ஃபீபி கல்யாணத்த கன்வர்ட் பண்ணா சரியாய்டுமாம்" என்று. அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தது. "எம் பொண்ண இன்னும் இன்னா கன்வர்ட் பண்ணப் போறானுங்க? அவளும் அவங்க பக்கம் போய்ட்டாளா?" என்று கேட்டது. நான் கம்ப்யூட்டர், பெட்டி, ஃபைல் என்று விளக்க விளக்க அது இன்னும் மோசமாகப் போனது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு மூடிவைத்த தட்டில்தான்.

வியாழக்கிழமை சமத் கன்வர்ட் செய்து புது டிஸ்க் கொடுத்தான். பிளேயரோடு வந்த டிஸ்க்கில் ஒரு பக்கம் படம் இருந்தது, படம் மேலே என்று போட்டேன், ஓடியது. இதில் எந்தப் பக்கமும் படம் இல்லை. ஆனால் எனக்கா தெரியாது? முப்பத்தோரு வருஷம் தோல் ஷெட்டில் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேஜையில் நின்றவன், தோல் வாங்க வந்த ஜெர்மன்காரன் என் கண்ணைக் கட்டிக் கையில் தோலைக் கொடுத்தபோது இது ஆலங்காயம் ஊர் ஆடு, இடது தொடையில் முள் கிழித்தது என்று சொன்னவன். தோலில் முடி இருந்த பக்கம்தான் முகம், பளபளப்பு ஏறுவது அதில்தான், மேஜையில் அது மேலே இருக்கவேண்டும், சதைப் பக்கம் கீழே. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், டிஸ்க்கில் ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி. கண்ணாடிப் பக்கத்தை மேலே வைத்துத்தான் போட்டேன், முதல் டிஸ்க்கையும் அப்படித்தான் போட்டேன். மறுபடியும் நோ டிஸ்க். இரண்டு நாள் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் டிஸ்க்கைப் பிளேயரிலேயே விட்டுவிட்டு சமத்திடம் சண்டைக்குப் போனேன். அவன் பாவம், தன் கம்ப்யூட்டரில் இருந்ததை எனக்கு ஓட்டிக் காட்டி, "இங்க ஜம்முனு ஓடுது பாருங்க மாமு" என்றான். குழம்பிப்போய்த் திரும்பினால் நம் வீட்டு கேட்டிலேயே ஆர்கன் சத்தம் கேட்கிறது. ரேடியோ என்று நினைத்தேன். உள்ளே போனால் உன் அம்மா தரையில் டிவிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, நீ வெள்ளைப் புடவையில் சர்ச் படிக்கட்டு ஏறுகிறாய். மூன்றாவது தடவையாக ஓடுகிறதாம். கன்வர்ட் செய்ததில் ஏதோ கோளாறு, உன் வாய் முதலில் அசைகிறது, குரல் கொஞ்சம் பின்னால் வருகிறது. நீ சம்மதம் சொல்லும் இடத்தில் அக்கா முன்னால் குனிந்து குரல் வரும்வரை காத்திருந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே, "பைபிள் சங்கீதம்லாம் வாசிச்சிருக்காங்கடா, பாவம், நான் இன்னான்னமோ நெனச்சேன்" என்றது. மாப்பிள்ளை வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, "கர்ச்சீப்பு எடுத்துக் குடுக்க ஆளில்ல பாரு" என்றும் சொன்னது.

எப்படி ஓட வைத்தாய் என்று கேட்டேன். "திருப்பிப் போட்டேன்" என்றது. ரிமோட்டையே தொடாத அக்கா. "பளபளன்னு இருக்கறதையே மேல வச்சிக் காட்டி உனக்குப் பழக்கம். அது படிக்கறது கீழ் பக்கம்டா" என்றது. டிஸ்க்கைப் பற்றித்தான் சொன்னதா, வேறு எதையாவது சொன்னதா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. முதல் டிஸ்க்கையும் திருப்பிப் போட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்குமா என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை, அதை அன்றைக்கே ஆத்திரத்தில் உடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா கேட்டது, "அந்தக் காலி நாற்காலி எங்கடா? மூணு தடவ பாத்துட்டேன், முன்னாடி எல்லாத்துலயும் ஆள் ஒக்காந்துனு கீறாங்க." நான் சட்டென்று, ஆறு ஃபைலில் ஒன்று இறங்கவில்லை, நாற்காலி அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இதற்காகத்தான் கண்ணு இந்தக் கடிதமே. உன்னைக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு, இல்லையென்றால் மாமா பொய்யன் ஆகிவிடுவேன். பொய்யும் இல்லை, நீ மனசில் வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், நான் அதைக் கொஞ்சம் முன் வரிசைக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசும் சமாதானமும் தரட்டும், காதை மூடிக்கொள், எண்ணெய் வைத்துக் குளி, அந்த ஊர் ரொட்டியை மட்டும் நம்பியிருக்காதே. ஒன்றை மறக்காதே. நேற்று ஞாயிறு உனக்கு டூட்டி, போன் வராது என்று அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று மணிக்கே அது சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போன் பக்கத்தில் போட்டது. முட்டி வலிக்கிறதே என்று நான் உட்காரப் போனால், "எழுந்திர்றா, அது உனக்கில்ல" என்றது. ஐந்து மணிவரை அதில் உட்கார்ந்திருந்தது. இன்று காலையில் பார்த்தேன், நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. இனி ஞாயிறு கூப்பிடும்போது போனை அக்காதான் எடுக்கும், மாமா எங்கே என்று கேட்காதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா
சா. கிறிஸ்துராஜ்
செலக்‌ஷன் மேஸ்திரி (ஓய்வு)