பாறைமேல் ஒரு கறுப்புப் புள்ளி

உனக்குச் சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் தடுமாறிப்போவேன்.

1. ஊர் சுற்றப் போகிறவனுக்கு ஒரே ஜூம் லென்ஸ் போதும்.
2. அது கை தாங்கும் எடையில் இருக்க வேண்டும்.
3. வீடியோவில் ஜூம் செய்யும்போது வெளிச்சம் குறையக் கூடாது.
4. வெகுதூரத்தை இழுக்கும் ஜூம் நமக்குத் தேவையில்லை. கிட்டே போய் எடுத்துக்கொள்ளலாம்.

இன்று காலை நம் பழைய லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளிருந்து ஒரு சாமை மணி மேசையில் விழுந்தது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று நான்தான் உன்னைப் பயமுறுத்தியிருந்தேன். நீ அதை ஒரு துணியில்கூடச் சுற்றாமல், கல்வராயன் மலையில் வாங்கிவந்த சாமை டப்பாவில் புதைத்து வைத்தாய். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். "போன் நனைஞ்சா அரிசில போடறாங்க இல்ல? இது மட்டும் இன்னா ஒசத்தி?" என்றாய். பூஞ்சை பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜூம் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்று சத்தம்.

நீ போன பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. நாளை நம் மகள் பேத்தியோடு சின்னசேலத்தில் ரயிலில் வந்து இறங்குகிறாள். கரியாலூர் அருவிக்குப் போக வேண்டுமாம். "அம்மா எடுக்கற மாதிரி நீங்க வீடியோ எடுங்கப்பா" என்றாள். மறுக்கத் தெம்பில்லை. ஸ்டுடியோக்காரத் தம்பி இரண்டு லென்ஸ்களை நம்பிக்கையின்பேரில் கொடுத்து, சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தான். ஒன்று பதினேழிலிருந்து எழுபது மில்லிமீட்டர் வரை; முழுவதும் ஒரே வெளிச்சம். மற்றது பதினெட்டிலிருந்து முந்நூறு வரை; வெகுதூரத்தை இழுப்பது.

இரண்டையும் மொட்டைமாடிக்கு எடுத்துப்போனேன். படியேறும்போது நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. எதிர்த்தெருத் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்தேன். சிறியது எங்கே திருப்பினாலும் வெளிச்சம் மாறவில்லை. பெரியது தூரத்தை இழுக்க இழுக்கப் படம் இருண்டது, ஓரங்கள் மழுங்கின, என் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரிந்தது. கழுத்தில் மாட்டினால் அதன் முன்பகுதி தானாகவே கீழே இறங்குகிறது, என் தோள்களைப் போல.

மதியம் தம்பி போன் செய்தான்.

"சார், இன்னா முடிவு பண்ணீங்க?"

"பாத்துக்கினு இருக்கேம்பா."

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாது சார். லென்ஸு சார் அது!"

இத்தனை வருடம் கல்லூரியில் ஒளியியல் நடத்தியவன், ஒரு லென்ஸ் தேர்ந்தெடுக்க ஒரு பகல் எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் தாளில் எழுதிப் பார்த்தபோது சந்தேகமில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று காரணங்கள் சிறியதன் பக்கம்.

பழைய படங்களோடு ஒப்பிட்டுவிடலாம் என்றுதான் நீ எடுத்த அருவி வீடியோவைப் போட்டேன். அந்தக் காலத்தில் உன் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டே பார்ப்பேன். படம் ஆடுகிறதா, கோணம் சாய்கிறதா என்பதுதான் என் கவலை. இன்று அணைக்கத் தோன்றவில்லை.

முழங்கால் வலியால் நீ அன்று படியிறங்கவில்லை. மேலே ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாய். நான் என் கேமராவோடு கீழே போனேன். படத்தில் அருவி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. 'இவளுக்கு ஃபிரேம் வைக்கவே வராது' என்று அன்று நினைத்தேன். பலாச்சுளை விற்கிற பெண்ணிடம் நீ பேசுவது கேட்கிறது.

"தோ, கீழ பாறமேல கறுப்பா ஒரு புள்ளி தெரிதா? அதான் எங்க வூட்டுக்காரரு."

"அருவிய வுட்டுட்டு அவரயா எடுக்கற? நல்லா இருக்குதுக்கா!"

"அருவி எங்க போவப் போவுது? அந்தாளு கேமராவப் பாத்துக்கினே பின்னால போவாரு. வழுக்கி வுழுந்தா யாரு பாக்கறது? கிட்ட வா, கிட்ட வா... வர மாட்டேங்குதே இந்தச் சனியன்."

பிறகு கரகரவென்று ஜூம் வளையத்தின் சத்தம். அதற்குமேல் வளையம் திரும்பவில்லை. நான் புள்ளியாகவே நிற்கிறேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் நீ, "ஏங்க, தூரத்த இழுக்கறதா ஒண்ணு வாங்குங்க" என்றாய். அதில் வெளிச்சம் ஏன் குறையும் என்று நான் கரியாலூரில் தொடங்கிக் கள்ளக்குறிச்சி வரை விளக்கினேன். கிட்டே போனால் எல்லாம் தெரியும் என்று முடித்தேன். "போறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நாளை அந்தப் படிகளில் என்னால் இறங்க முடியாது. மகளும் பேத்தியும் இறங்குவார்கள். பேத்தி ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நீ உட்கார்ந்த பாறையில்தான் நான் உட்கார வேண்டும்.

தம்பியைக் கூப்பிட்டு, பெரியதை வைத்துக்கொள்கிறேன் என்றேன். "எழுவது போதும்னு சொல்லிக்கினு இருந்தீங்களே சார்?" என்றான். அருவியை எடுக்கப் போதும் என்றேன்.

சாமை மணியைக் கேமராப் பையின் சிறிய அறையில் போட்டிருக்கிறேன். பை இப்போதே தோளை இழுக்கிறது. நாளை நான் எடுக்கப்போகும் படம் கொஞ்சம் இருண்டிருக்கும், ஆடவும் செய்யும். உன்னைப் போலவே நானும் அருவியை ஓரத்தில் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன். முதல் மூன்றையும் இன்னும் சரியென்றே நம்புகிறேன்.

நான்காவது தவறு.