எஸ்தர் அக்காவும் மவுண்டன் பைக்கும்

செவ்வாய், செப்டம்பர் 9

காலையிலிருந்தே புழுக்கம். கம்பெனி கேன்டீனில் இன்று பொங்கல். பொங்கல் நாள் என்றாலே தட்டு கழுவுகிற எனக்குக் கை போய்விடும். நெய் லேசில் விடாது.

பேக்கிங் செக்‌ஷன் கல்பனா தட்டைப் போட வந்தவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஊட்டி. தேயிலைத் தோட்டத்து நடுவே மண் பாதை. தடி டயர் சைக்கிளில் பொம்பளைகள் சர்ரென்று இறங்குகிறார்கள். ஒருத்திக்குத் தலை முழுக்க வெள்ளை.

"அமுதாக்கா, இதான் மவுண்டன் பைக்கு. இதுக்குன்னே எங்கெங்கியோ இருந்து வராங்க. நாமளும் போலாமா?"

"எனுக்கு இன்னாடி, தினம் மிதிச்சிக்கினுதான கீறேன். என் வண்டில கவர்மென்ட் முத்திரை வேற கீது. ஊட்டில சல்யூட் அடிப்பானுங்க."

என் வண்டி என்றால் என் பெண்ணுக்குப் பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், சைக்கிள் போகவில்லை. வீட்டிலிருந்து தேர்வாய் கண்டிகை சிப்காட் கேட் வரை ஆறு கிலோமீட்டர், திரும்ப ஆறு. பத்து மாதமாக. தொடை இரண்டும் கல்.

அதற்கு முன் எஸ்தர் அக்கா ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். எ. அக்கா என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே காம்பவுண்டு, ஒரே குழாய். அவளும் பேக்கிங்தான். இப்போது பேச்சு இல்லை.

வியாழன், செப். 11

சாயங்காலம் நல்ல மழை. கொடியில் துணி அப்படியே நனைந்தது.

ஊட்டி விஷயம் கல்பனா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேசி முடிவானது:

– அக்டோபரில் கம்பெனி ஷட்டவுன் நாலு நாள். செவ்வாய் ராத்திரி கிளம்பி, சனி காலை வீடு. வார நாளில் ரூம் வாடகை குறைவாம்.

– கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில். சென்ட்ரலில் மேட்டுப்பாளையம் வண்டி. பிறகு பஸ்.

– சைக்கிள் அங்கேயே வாடகை. ஒரே ஒரு நாள். மறுநாள் கால் எழும்பாது, பூங்காவில் உட்காரலாம்.

– காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமாம். தோட்டத்துப் பாதை போதும்.

– புளிசாதம், இட்லிப்பொடி. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, வழியிலேயே பிடுங்கிவிடுவார்கள். சொம்பு எடுத்து வரேன் என்றேன். கல்பனா சிரித்தாள். தாகம் எடுக்கும்போது சிரிக்கட்டும்.

– ஸ்வெட்டர். கு.பூண்டியில் ஸ்வெட்டர் வைத்திருக்கிறவன் யார்?

மூன்று பேர் இருந்தால் ரூம் இன்னும் மலிவு. மூணாவது ஆள் வேண்டும்.

வீட்டுக்காரர்: "ஏம்மே, துட்டு குடுத்து மலைக்குப் போயி சைக்கிள் மிதிக்கணுமா? இங்கியே ரயில்வே பிரிட்ஜி மேல மிதியேன்."

"பிரிட்ஜி மேல குளுருதாய்யா?"

காற்றாடியைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனி, செப். 13

மூணாவது ஆள் கிடைத்துவிட்டது. எஸ்தர் அக்கா!

"என் பேரைச் சொன்னியா இல்லியா?" என்று கல்பனாவைக் கேட்டேன்.

"சொன்னேன்க்கா. மவுண்டன் பைக்கு ஓட்ட ஊட்டி போறோம், அமுதாக்கா வருதுன்னேன். 'அமுதா வர்றாளா? அப்ப நானும் வர்றேன்'னு சொல்லிச்சி."

மதியம் சோறு சரியாக இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

போன வருஷம் அக்கா பையன் நிச்சயதார்த்தம். அக்கா தலைக்குச் சாயம் போட்டிருந்தாள். மண்டபத்தில் காற்றாடி ஓடவில்லை. வியர்வையில் சாயம் கரைந்து நெற்றியில் ஒரு கோடு. பெண் வீட்டார் எல்லாரும் எதிரே. காதில் சொல்லியிருந்தால் முந்தானையில் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் சத்தமாக, "இன்னாக்கா, மாப்பிள்ளைக்கு அம்மாவா, கரி மூட்டை எறக்க வந்தியா?" என்றேன். மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மாவும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என்னை ஏற்றாமல் ஸ்கூட்டி போய்விட்டது.

மன்னிப்பு கேட்க நாலைந்து முறை போனேன். போகிற வழியிலேயே ஏதாவது தமாஷ் நாக்கில் வந்து நிற்கும். பயந்து திரும்பிவிடுவேன்.

ஞாயிறு, செப். 14

வெயில். க. போனிலேயே டிக்கெட் போட்டுவிட்டாள். மூன்றும் ஒரே பெட்டி.

காலை குழாயடியில் அக்கா: "குடம் ரொம்பிச்சி, எடு."

நான்: "சரிக்கா."

பத்து மாதம் கழித்து இதுதான் முதல் பேச்சு. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

புதன், செப். 17

கேன்டீனில் சாம்பார் தீர்ந்து ஒரே கூச்சல். அந்த நேரத்தில் அக்கா தட்டோடு நேராக என்னிடம் வந்தாள். சிரித்த முகம். வரிசையில் இருபது பேராவது இருப்பார்கள்.

"அமுதா, நாலு நாளா பேஜாருடி. லீவு போட்டு அலைஞ்சி லைசென்ஸ புதுப்பிச்சிட்டேன். மலையில போலீஸ் புடிச்சா இன்னா பண்றது? வளைவெல்லாம் நீ பயப்படாத. நான் ஓட்றேன், நீ பின்னால குந்திக்கோ. பழையபடி."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பைக்! நம்ம ஊரில் பைக் என்றால் இன்ஜின் இருக்கணும், பெட்ரோல் குடிக்கணும். கல்பனா பைக்கு பைக்கு என்றே சொல்லியிருக்கிறாள், ஒரு முறைகூட சைக்கிள் என்று சொல்லவில்லை. அக்கா ஊட்டி மலையில் ஸ்கூட்டி ஓட்ட வருகிறாள்.

நாக்கில் வந்தது பாருங்கள் ஒன்று. இந்த வருஷத்துக்கே அதுதான் தமாஷ். வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கும். பக்கத்தில் கல்பனா, "ஐயே, அக்கா, அது..." என்று ஆரம்பித்தாள். அவள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். "சரிக்கா" என்றேன்.

ஷிப்ட் முடிந்து வண்டி ஸ்டாண்டில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது சொன்னேன்.

"அக்கா, அது ஸ்கூட்டி இல்ல. சைக்கிளு."

ஸ்கூட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். "சிரிச்சிக்கோ," என்றாள்.

"சிரிக்கலக்கா."

"எனுக்கு சைக்கிளே வராதுடி. எங்க ஊட்ல ஏது சைக்கிளு? கண்ணாலத்துக்கு அப்பறம் உங்க மாமா நேரா ஸ்கூட்டில குந்த வச்சாரு. காலு ஊனிக்கினே கத்துக்கினேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

போய்விட்டாள். நான் சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். எங்கே பிடிப்பது.

வெள்ளி, செப். 19

மேகமூட்டம், மழை இல்லை. முதுகு வலி.

அக்கா குழாயடிக்கு நான் வருவதற்கு முன்பே வந்து போகிறாள். திரும்பவும் பழைய கதை.

கல்பனா: "அக்காது கேன்சல் பண்ணிடவா? பணம் கொஞ்சம் புடிப்பான். அதும் லேட் ஆக ஆக ஜாஸ்தி."

"திங்கட்கிழமை வரைக்கும் இரு."

"எதுக்கு?"

தெரியவில்லை என்றேன். அக்கா வெறுமனே கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் சொல்லலாம். இது கோபமில்லை, வெட்கம். அதற்கு எனக்குப் பேசத் தெரியாது.

ஊட்டிக்குப் போவதே நான் அவள் பின்னால் குந்திக்கொண்டு போகத்தான் என்று அவள் நினைத்திருந்தாளே, அதுதான் உள்ளே அறுக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தால் முதலிலேயே ஸ்கூட்டி டிரிப் என்று சொல்லியிருப்பேன்.

சனி, செப். 20

கடையில் சைக்கிளுக்குக் காற்று. பிரேக் கட்டை மாற்றல். சீட்டை நல்லா இறக்கச் சொன்னேன்.

கடைக்காரர்: "யாருக்கும்மா? குழந்தைக்கா?"

"ஆமா, அம்பது வயசுக் குழந்தை." அவருக்கு யாரென்று தெரியாது, அதனால் பரவாயில்லை. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

இருட்டுவதற்குள் சைக்கிளை அக்கா வீட்டுச் சுவரில் சாய்த்தேன். பூட்டவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஒடம்பு கிடம்பு சரியில்லியாம்மே? சத்தமே காணோம்," என்றார்.

ஞாயிறு, செப். 21

விடிகாலை. இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. கதவு தட்டல். அக்கா. நைட்டி மேல் துப்பட்டா, தலையில் ஸ்கூட்டி ஹெல்மெட். சிவப்பு, கண்ணாடி இறக்கியது. கையில் சைக்கிள். பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கோயிலுக்குப் போறதுக்குள்ள வந்துடணும். வா."

சிப்காட் ரோடு ஞாயிற்றுக்கிழமை காலி. லாரி இல்லை. இரண்டு நாய். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். அக்கா மிதிப்பதற்குப் பதில் வலது கையை முறுக்குகிறாள், ஆக்ஸிலேட்டர் தேடி! நாலு முறை முறுக்கினாள். நான் நாலு முறையும் வானத்தைப் பார்த்தேன்.

முதல் தடவை ஒரு விளக்குக் கம்பத் தூரம் போனாள். அப்புறம் இரண்டு. மூன்றாவது தடவை பிடியை விட்டுவிட்டேன், அவளுக்குத் தெரியாது. அஞ்சு கம்பம் தானாகவே போனாள். திரும்பிப் பார்த்தாள், நான் எங்கேயோ நிற்பதைக் கண்டாள், நேராக ஓரத்துப் புல்லுக்குள் போய்ச் சாய்ந்தாள்.

ஓடினேன். அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. புல்லில் உட்கார்ந்தபடி கண்ணாடியைத் தூக்கி என்னையே பார்த்தாள். நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏதாவது சொல்லித் தொலைடி," என்றாள். "நீ பேசாம நிக்கிறது விழுந்தத விட பயமாக் கீது."

சொன்னேன். நாலு நாளாக அடக்கி வைத்ததெல்லாம். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவளுக்கு மட்டும். ஹெல்மெட்டுக்குள் இருந்து முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சிரிப்பு. நாய் இரண்டும் எழுந்து போய்விட்டன.

கை கொடுத்துத் தூக்கினேன். புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி சீட்டில் ஏறினாள்.

"புடி. தோ பாரு, விழுந்தத கல்பனாகிட்ட சொன்ன, டிக்கெட்ட கிழிச்சிப் போட்ருவேன்."

டிக்கெட் கல்பனா போனில் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை.