பழசு எங்கண்ணே?

அண்ணே,

இன்று ரஹாங்கில் ஒரு பட்டறையில் உன் லோரியின் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் டிரம்மை இழுத்ததும் கருகிய வாடை எழுந்தது. கோலா கிளாவாங் மலையிறங்கி நீ வீட்டுக்கு வரும் நாட்களில் உன் சட்டையில் அடிக்குமே, அதே வாடை. நீ நிற்கிறாயா என்று என் கழுத்து தானாகத் திரும்பியது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபின் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறேன் என்று என்னை லோரியில் ஏற்றிக்கொண்டவன் நீ. பின்னால் செம்பனைக் குலைகள், பக்கத்தில் நீ. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வருவேன்.

"ஏய் ஊமச்சி, ஒன்ன ஏத்துனதுக்கு ரெண்டு குலைய ஏத்திருக்கலாம்லா. அதுங்களாவது உருளும்போது சத்தம் போடும்."

நீ எப்போதும் போகும் பட்டறைக்காரர் வேறு. அவரை எனக்கும் பிடிக்கும். எஸ்டேட் கோயில் திருவிழாவில் உன்னோடு ரதம் இழுத்தவர். எந்த லோரி வேலை முடிந்து வெளியே போனாலும் கண்ணாடிக்குத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் அனுப்புவார். "சாமிய முன்னால நிறுத்தி வேல பாக்குறவரு. அவருக்குப் பொய் வராது," என்பாய். நம்மில் யார்தான் அப்படி நினைக்கவில்லை?

டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங்கை அவர் மாற்றிய அன்று நான் லோரியில் மேலே உட்கார்ந்திருந்தேன். நீ கீழே நின்று சிரித்துக்கொண்டே கேட்டாய்.

"பழசு எங்கண்ணே?"

"அட தம்பி, அத அப்பவே குப்பையில கடாசியாச்சு. முனீஸ்வரன் சத்தியமா புதுசு. இந்தா, திருநீறு எடு."

நீ குனிந்து நெற்றியை நீட்டினாய். லோரி நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தம் மேலே வரை கேட்டது.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். நீ தனியாகப் போனாய். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஹாரன் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இறங்கி வந்தது என்று கீழே கடையோரம் நின்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் மேல் ஏறாமல் ஒடித்துத் திருப்பி மண்மேட்டில் மோதினாய். மலையில் பிரேக் சூடாகியிருக்கும் என்றார்கள். விதி என்றார்கள். பட்டறைக்காரர் மாலையோடு வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஹாரன் மட்டும் இன்னும் போகவில்லை. துணி காயப்போடும்போது கேட்கும். சோறு வடிக்கும்போது கேட்கும். அம்மாவும் நானும் சில நேரம் ஒன்றாகத் தலை நிமிர்கிறோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

தார்ப்பாய்க்குக் கீழே புல் முளைத்துக் கிடந்த உன் லோரிக்கு, நசுங்கிய முன்பக்கத்தை எடுத்துவிட்டு, மாமா வேறு தலை பொருத்திவிட்டார். அதே மலைப்பாதையில் ஓட்டப் போகிறார். பிரேக்கைப் பார்க்க அதே பட்டறைக்குத்தான் போக இருந்தார்.

"அக்கா, அவரே கூப்புடுறாரு. உசுரு போன லோரி, கழிப்பு செஞ்சு தர்றேங்கிறாரு."

அம்மா தலையாட்டினாள். நான் தட்டைப் பார்த்தபடி சொன்னேன்.

"வேணாம் மாமா."

"யாரு பேசுனது? பூனையா?"

"பழசக் கையில குடுக்குற எடத்துக்குப் போவோம். அண்ணன் கேட்டுச்சு. அவரு காட்டல."

மாமாவின் சிரிப்பு நின்றது. மற்ற லோரிக்காரர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் இந்த ரஹாங் பட்டறைக்கு வந்தோம். முதலாளி ஒரு சீனத் தவுக்கே. தேங்காய் இல்லை, திருநீறு இல்லை. டிரம்மில் கை வைக்கும் முன்பே, "அடிக், மாரி, தெங்கோ," என்று மலாயில் என்னைத்தான் வந்து பார்க்கச் சொன்னார்.

புதுத் தலை வைத்தவர்கள் சக்கரத்தைத் தொட்டிருக்கவில்லை. உள்ளே இருந்த லைனிங், அன்று உன்னோடு மலையிறங்கியதேதான். தவுக்கே அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதைப் பிடித்திருந்த ஆணித்தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. டிரம்மின் உட்புறமெல்லாம் அவை கீறிய கோடுகள். பக்கத்தில் புதிய லைனிங்கை வைத்துக் காட்டினார். அது என் விரல் தடிமன் இருந்தது. உன்னுடையது பிஸ்கட் தடிமன்கூட இல்லை.

மாற்றி ஒரு வாரம்தானே ஓடியது என்று மாமா மலாயில் சொல்லிப் பார்த்தார். தவுக்கே மறுத்துத் தலையாட்டினார். இது வருஷக்கணக்கில் தேய்ந்தது, யாரும் மாற்றவில்லை என்றார்.

மாமா டயர்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அத இங்கயே போட்டுட்டு வா பாப்பா. அம்மா தாங்காது."

நான் போடவில்லை. பழைய நாளிதழில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வரும் வழியில் மாமா பழக்கத்தில் இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கினார். சக்கரத்தருகே குனிந்தார். பிறகு வைக்காமலே ஏறிவிட்டார். பழம் முன்கண்ணாடிக்குக் கீழே உருண்டுகொண்டே வந்தது.

எஸ்டேட் வளைவில் மாமா ஹாரன் அடித்தார். அது உன் ஹாரன், அண்ணே, பழைய தலையிலிருந்து கழற்றி மாட்டியது. அதை யாரும் மாற்றவில்லை. அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். இறங்கியது மாமா என்று கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

இனி மாமா எந்தப் பட்டறைக்குப் போனாலும் நானும் போவேன். நீ சிரித்துக்கொண்டு கேட்டதை நான் சிரிக்காமல் கேட்பேன். கையில் கொடுக்கும்வரை நகர மாட்டேன்.

அந்த லைனிங் என் துணிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. இப்போது என் உடுப்பிலும் உன் வாடை அடிக்கிறது.