அவன் கண் விழித்தானா, அக்கா?

என் அன்புப் பிலோமி அக்காவுக்கு,

அப்பா இன்று காலையிலேயே உன்னைக் கேட்டுவிட்டார். காபி டம்ளரைக் கையில் கொடுத்ததும் முதல் கேள்வி அதுதான். "ஸ்ரீரங்கத்துல ஏறினா பாலக்கரையில வந்து எறங்கப் போறா. ஒரு பஸ்ஸு. அதுக்குக் கூடவா அவளுக்கு நேரமில்ல?" என்றார். நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட பித்தானையே அவிழ்த்து மறுபடியும் போட்டேன்.

அவருக்கு இன்னும் தெரியாது, அக்கா. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, பெற்ற அப்பாவுக்குத் தெரியாது. வரும் சனிக்கிழமை உனக்கு முப்பதாம் நாள் பூசை. கோயிலில் பங்குச் சாமியார் பீடத்தில் நின்று உன் பெயரை வாசிப்பார். அதற்குள் நான் அவரிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கடிதம் தப்பித்தவறி எங்கள் தெருக்காரர்கள் யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து சனிக்கிழமை வரை வாயைத் திறக்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவு செய்ததே நீதான். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போன மனிதர். மிச்சமிருந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. தில்லை நகரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நம் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆறுற வரைக்கும் இருமக் கூடாது, குனியக் கூடாது. முக்கியமா அழக் கூடாது. தையல் விட்டுச்சுன்னா அப்புறம் நம்ம கையில இல்ல." நீ என் தலையில் குட்டி, "அப்பாவை அழ வைக்க வேற யாரு இருக்கா, இவனைத் தவிர?" என்றாய். அடுத்த வாரமே உனக்குக் காய்ச்சல். அது மூளைக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழக் கூடாத மனிதரிடம் போய் மகள் செத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வேன்? அதனால் உன்னை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயில், கோயிலிலிருந்து கல்லறை. உன் குழியில் நான் மண் போட்ட நேரத்தில் என் மனைவி ஸ்டெல்லா வீட்டில் அப்பாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் மணியை மறந்துவிட்டோம். நம் கோயிலைச் சேர்ந்தவர்கள் யார் இறந்தாலும் துக்க மணி அடிப்பார்கள் இல்லையா? அப்பா கட்டுப் போட்ட கண்ணோடு மல்லாந்து படுத்தபடி, "யாருக்கும்மா மணி அடிக்குது?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டெல்லா பதறிப்போய் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டாள். "எதிர்வீட்டு சவரியம்மா டீச்சருக்கு, மாமா."

சவரியம்மா டீச்சர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். அப்பாவோ அன்று சாயங்காலத்திலிருந்து தவறாமல் அவருடைய ஆத்துமத்துக்காக ஜெபமாலை சொல்கிறார். "நல்ல மனுஷி ஆண்டவரே, கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சிபாரிசு வேறு. நான் டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, எங்கள் ஜன்னல் பக்கம் சத்தமாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இருக்கட்டும்ப்பா. நான் போனப்புறம் எனக்குச் சொல்ல யாரு இருக்கா? முன்கூட்டியே வாங்கி வெச்சுக்குறேன்" என்றார். இப்போது காய்கறிக்காரியிடம் கூடச் சைகையில்தான் பேரம் பேசுகிறார்.

முதலில் சிரிப்பு வந்தது, அக்கா. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா சொல்வதெல்லாம் உனக்கல்லவா வர வேண்டும்? பெயர் மாறிப்போன ஜெபம் உன்னிடம் வந்து சேருமா? சாமியாரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. நீ ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் பேப்பர் திருத்துகிறாய் என்றேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேம்ப் போயிருக்கிறாய் என்றேன். ஏகாதசி சமயத்தில் ஒரு நாள் என்ன சொல்வது என்று தெரியாமல், "சொர்க்கவாசல் தொறந்திருக்காங்கப்பா, அதான் அக்காவால வர முடியல" என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அடுக்களையில் ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டாள். அப்பா கறுப்புக் கண்ணாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினதும் மொதல்ல பிலோமி மொகத்தைத்தான் பாக்கணும்" என்றார்.

இந்த இக்கட்டில்தான் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. கண்ணாடிப் பெட்டிப் படம் என்று நாம் பேர் வைத்தோமே, அது.

நான் காலேஜில் சேர்ந்து பி.யூ.சி. படித்த வருஷம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னைக் காலைக் காட்சி இங்கிலீஷ் படத்துக்கு இழுத்துக்கொண்டு போவாய். எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வார்த்தை பிடிபடாது. நீ காதோரம் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவாய், முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைப்பார்கள். சயின்ஸ் டீச்சராக இருந்தும் விண்வெளிக் கப்பலையோ பேசும் எந்திரத்தையோ பார்த்து நீ வாய் பிளந்ததில்லை. "இதெல்லாம் பந்தல், டோனி. உள்ள நடக்கிற கல்யாணம் ஒண்ணுதான். தெரிஞ்சுக்கிட்டு அழறியா, தெரியாம சிரிக்கிறியா? எல்லாப் படத்துலயும் சுத்திச் சுத்தி இதைத்தான் கேக்குறாங்க" என்பாய். எனக்கு அப்போது கப்பல்தான் பிடித்திருந்தது.

அந்தப் படத்தில் பூமி வெந்து புழுதியாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஜனங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் படுத்துத் தூங்குகிறார்கள். ஒரு எந்திரம் அவர்களுக்குக் கனவு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கனவில் மழை உண்டு, பச்சை வயல் உண்டு, செத்துப்போன பெண்டாட்டி பிள்ளைகள் கூட உண்டு. கதாநாயகன் மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டு வெளியே வந்து பட்டினியும் தனிமையுமாக அலைகிறான். கடைசியில் எந்திரம் அவனைக் கேட்கிறது: வெளியிலேயே இருக்கிறாயா, பெட்டிக்குத் திரும்புகிறாயா? அவன் ஏதோ பதில் சொல்கிறான். அப்புறம் திரை முழுக்க அவன் முகம். கண் மெல்லத் திறக்கிறது, வெயில் படுகிறது, சிரிக்கிறான். அதோடு படம் முடிந்துவிடும்.

"பெட்டி வேணாம்னுட்டான்டா" என்று நீ என் காதில் சொன்னாய். "வலிச்சாலும் பரவால்ல, நெசத்துலயே இருக்கேன்னுட்டான்."

அன்று சாயங்காலம்தான் நீ என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், அம்மா இனிமேல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரமாட்டாள் என்று சொன்னாய். "நீ பெட்டிக்குள்ள இருக்காதே, டோனி. போய் அம்மா கையைப் பிடிச்சுக்க" என்றாய். அழுதேன், ஆனால் போனேன். அம்மாவின் கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன் என்றால் அது உன்னால்தான்.

அந்தத் தைரியம் மறுபடி கிடைக்குமா என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரில் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தேன். கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் போட்டேன். அப்பா ஈஸிசேரில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். அவர் டிவி பார்க்கக் கூடாது. "என்னடா அது?" என்றார். "பழைய இங்கிலீஷ் படம்ப்பா. அக்காவோட பார்த்தது." "அப்ப கதையைச் சொல்லு" என்றார்.

நான் அவர் காதோரம் உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆபீஸில் இத்தனை வருஷம் இங்கிலீஷில் மாரடித்ததில் இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. கடைசியில் எந்திரம் கேட்டது. அவன் பதில் சொன்னான். ரீவைண்ட் பண்ணி மறுபடி கேட்டேன்.

என்னைத் தூங்க வைத்துவிடு என்கிறான், அக்கா. அவன் முகத்தில் படுவது கனவு வெயில். சிரிப்பது கனவில்.

நீ எனக்குச் சொன்னது பொய். அம்மாவைப் பற்றி உண்மையைச் சொல்வதற்கு ஒரு பொய்யைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாயா? இல்லை, உனக்கும் இங்கிலீஷ் சரியாகக் காதில் விழவில்லையா? அந்த இரைச்சலில் விழாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் யாரிடம் கேட்பேன்?

எனக்கு அந்த நேரத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அத்தனை கஷ்டப்பட்டவனே கடைசியில் பெட்டிக்குள் போய்விட்டான், நான் அப்பாவை இன்னும் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்திருந்தால் என்ன என்று நினைத்தேன். "மறுபடி பெட்டிக்குள்ளயே போயிட்டாம்பா. தூங்கிட்டான்" என்று முடித்தேன்.

அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிலோமி சொன்னப்ப அவன் முழிச்சுக்கிட்டானே" என்றார். "நீ ஏன்டா அவனைத் தூங்க வெச்சே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்பப்பா சொன்னா?" என்றேன். "உங்கம்மா கெடந்தப்ப. ஆஸ்பத்திரி வராந்தாவுல என் பக்கத்துல உக்காந்து முழுக்கதையும் சொன்னா. அப்புறம்தான் டாக்டர் சொன்னதைச் சொன்னா" என்றார். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நான் வாதாடினேன். "படத்துல எப்படி வேணா இருக்கட்டும். அவ சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஜெபத்தில் பெயர் சொல்லும் இடம் வந்ததும் அப்பா நிறுத்தினார், அக்கா. கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தினார். அப்புறம் "சவரியம்மா" என்றார். இருமலை அடக்கினாரா? வேறு எதையாவது அடக்கினாரா? அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று டாக்டரிடம் போய், "இப்ப அவர் அழலாமா டாக்டர்?" என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தையல் ஓரளவு புடிச்சிருக்கு. ஆனா நான் உத்தரவாதம் தர முடியாதுங்க. சொல்லும்போது தலையை அசையாமப் புடிச்சுக்குங்க, கண்ணைக் கசக்க விடாதீங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தைரியம்.

அந்தக் கண்ணும் போய்விட்டால்? உன் போட்டோவைக் கூட அவர் பார்க்க முடியாமல் ஆகிவிட்டால்? ஸ்டெல்லா, "சொல்லிடுங்க, இனிமே என்னால சோறு ஊட்ட முடியாது" என்கிறாள். பூசைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த வரியை இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறேன் பார்.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஜெபமாலைக்கு முன்னால் அப்பாவின் காதோரம் உட்காருவேன். அந்தப் படத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு, அவன் முழித்துக்கொண்டான் என்று முதலில் சொல்வேன். அப்புறம் அன்றைக்கு மணி யாருக்கு அடித்தது என்று சொல்வேன். அழுதால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வேன். கண் போனாலும் அவர் இருக்கிறவரை காதோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பேன், உள்ளதை உள்ளபடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவனமாகக் கேள், அக்கா. பெயர் சொல்லும் இடத்தில் அப்பா உன் பெயரைச் சொல்வார்.

நீ காதோரம் கதை சொல்லி வளர்த்த தம்பி,
டோனி