குழாய் வாயில் ஒரு சல்லடை

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மோட்டார் போட்டாச்சு. குஞ்சம் கட்ட வேண்டிய புடவைகள் கட்டிலில் குவியலாக. அரக்குப் புடவை அவசரம், கல்யாண வீடு.

கீழ் வீட்டில் சரோஜா அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணி. கீழே சமையலறைக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லையாம். மொட்டை மாடி வால்வை நான்தான் திருகி வைத்தேனாம். நேராகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் படியில் நிற்பது தெரிந்தே துவைக்கிற கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"மேல தொட்டி, கீழ கொழா. தானா கொட்ட வேணாமா? யாரும் கைய வெக்காம எப்படிக் கொறையும்?"

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சந்தேகமா இருந்தா மாடி ஏறிப் பாத்துக்கோங்க" என்று படியில் நின்றபடியே கத்தினேன். கீழே இறங்கவில்லை.

நேற்று ரசம் கொடுத்தனுப்பிய கிண்ணம் கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் வெறுமனே திரும்பாது. ஒன்றும் இல்லையென்றால் இரண்டு கல் உப்பாவது போட்டுத்தான் வரும். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பிறகு அரிசி களைந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

இவர் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்ன சேதி: அண்ணன் ஐயம்பேட்டையில் வீடு பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் உறுதி சொல்லப் போகிறார்களாம். தறியையும் கழற்றிக்கொண்டு போகிறார்களாம்.

"தண்ணிக்காகவா?"

"என்னக் கேட்டா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினா தான தெரியும்."

சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஆண்களுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல் பிடித்திருந்தவள் அக்கா. என் பெண் முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டதும் அவளைத்தான். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? பயமாக இருக்கிறது.

மத்தியானம் இன்னொரு கூத்து. என் குழாயிலும் தண்ணீர் தறியில் ஓடும் பாவு இழை மாதிரி மெல்லிசாக இறங்கியது. பதிலுக்கு அக்கா வால்வைத் திருகிவிட்டாள் என்று ஒரே ஓட்டமாக மாடிக்குப் போனேன். இரண்டு வால்வும் முழுசாகத் திறந்திருந்தன. சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வந்த அதே புத்திதானே எனக்கும் வந்தது.

மார்ச் 7, சனி

மேகமூட்டம். அரக்குப் புடவை கொடுத்தாச்சு.

குழாய் வாயில் கட்டியிருந்த வேட்டித் துணியைத் துவைக்க அவிழ்த்தேன். புதுக் குழாய் மாட்டிய அன்றே இரண்டு வீட்டுக் குழாய்க்கும் அக்கா கட்டிவிட்ட துணி. தூசி தண்ணீரில் வராமல் இருக்க. வாரம் தவறாமல் துவைக்கிறோம். அழுக்கே இருக்காது. நம் தண்ணீர் சுத்தம் என்று இருவருக்கும் பெருமை வேறு.

இன்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். நறநறவென்றது. துணிக்கு மேலே, குழாய் வாய்க்குள்ளேயே ஒரு சல்லடை இருக்கிறது! அழுக்கெல்லாம் அங்கேயே நின்றுவிட்டால் துணி வெள்ளையாக இல்லாமல் என்ன செய்யும்.

கையால் திருகினால் அசையவில்லை. உப்பு பிடித்துப் போயிருந்தது. துணியைச் சுற்றி, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினேன். வந்தது. ரப்பர் வாஷர், ஒரு பிளாஸ்டிக் வலை, அதற்குள் இன்னொரு வலை. திரும்ப மாட்ட வேண்டுமே என்று வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மணல், வெள்ளை உப்பு, தொட்டியிலிருந்து உரிந்த நீலத் துகள்.

புளித் தண்ணீரில் ஊற வைத்தேன், குத்துவிளக்குக்குச் செய்வது போல. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அடைத்த கண்களைக் குஞ்ச ஊசியால் குத்தி எடுத்தேன். மாட்டித் திறந்ததும் தண்ணீர் கொட்டிய வேகத்தில் ஜாக்கெட் எல்லாம் நனைந்தது.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். கீழேயும் இதேதான், சந்தேகமில்லை. ஆனால் நான் போய்ச் சரி செய்தால்? 'மாட்டிக்கப் போறோம்னு வால்வத் தொறந்துட்டு சல்லடைன்னு கதை விடறா' என்பாள். நானாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆகவே அவள் கையாலேயே கழற்ற வேண்டும்.

பிளேயரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கார மாமா தறியில்.

"அக்கா, கொழா வாய நீங்களே கழட்டிப் பாருங்க. நான் தொட மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து துணியை அவிழ்த்தாள், பிளேயரை வாங்கித் திருகினாள். உள்ளங்கையில் ஒரு பிடி மணல் விழுந்தது. சல்லடை இல்லாத குழாயைத் திறந்ததும் தண்ணீர் சத்தத்தில் தறிச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்:

"தண்ணி வர்லன்னா பாத்ரூம்ல புட்சிக்கினு வந்து சமைக்க மாட்டனா? அதுக்கா வூட்ட வுட்டுப் போறாங்க? போன்ல குஞ்சத்துக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சதுல இருந்து நீ கீழ வந்து எத்தினி நாளாவுது? கிண்ணத்த கூட கொயந்த கைல குடுத்தனுப்புற. தண்ணி வர்லன்னு கத்துனா, இன்னாக்கான்னு நீ வந்து பாப்பன்னு பாத்தேன். படியிலயே நின்னுக்கினு பதில் சொன்ன பாரு, அன்னிக்கிதான் மாமாகிட்ட வூடு பாக்கச் சொன்னேன்."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். முறத்தின் எதிரே உட்கார்ந்து பூண்டை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தூறல். பெண்ணுக்குத் தலை பின்னியதும் பச்சைப் புடவையைச் சுருட்டிக்கொண்டு கீழே போனேன். அக்காவின் ஜன்னலோரம் உட்கார்ந்து குஞ்சம் கட்டினேன். நூலைப் பிரித்துக் கொடுத்தாள். பேச்சு நூலைப் பற்றி மட்டும்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும் சத்தம்.

"சரோஜா, ஐயம்பேட்டைக்கு நேரமாவுது. கெளம்பு."

அக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில வேலையா இருக்கறது தெரியல? நீயே போய் வேணாம்னு சொல்லிட்டு வா."