மாடிக்குப் போன கண்ணாடி

மார்ச் 3, செவ்வாய்

குளித்துவிட்டுத் தலைவார வந்தால் பீரோவில் கண்ணாடி இல்லை. வெறும் பலகை முறைக்கிறது. கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த பீரோ!

மாடிக்கு ஓடினேன். கண்ணாடியை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக அறுத்து, பழைய டிஷ் ஆன்டெனாவின் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என் வீட்டுக்காரர்.

"எல்லாத் துண்டும் வெயிலை ஒரே இடத்துக்கு அனுப்பும். அங்க தண்ணி டப்பா. ஆவி வந்து சக்கரத்தைச் சுத்த வைக்கும், சக்கரம் சைக்கிள் டைனமோவைச் சுத்த வைக்கும். கரண்ட்!"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதுக்காக?

மார்ச் 4, புதன்

செலவு நோட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'தேய்மானம்' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'களவு'.

மார்ச் 6, வெள்ளி

எவர்சில்வர் தட்டைச் சுவரில் சாய்த்துத் தலைவாரினேன். "அம்மா, வகிடு காதுவரைக்கும் போகுது" என்று மகள் சிரிக்கிறாள். சிரி, சிரி. அப்பன் பெண்தானே.

மார்ச் 9, திங்கள்

"திட்டாதம்மா, இப்பதான் அப்பா ஒழுங்கா சாப்பிடுறாரு" என்றாள் மகள்.

உண்மைதான். சூரிய மின்நிலையத்தில், வெயில் அங்கிருக்கும் கோபுரத்தின் உச்சியில் போய் விழும்படி கண்ணாடிகளைத் திருப்பிவைக்கும் வேலை அவருக்கு. இனிமேல் கம்ப்யூட்டரே திருப்பிக்கொள்ளுமாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாவிகள். அதிலிருந்து மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். மனுஷர் வாய்திறந்து பேசினால் போதும் என்று சாமியிடம் அழுதேன். பேசவைத்தது சரி. அதற்கு என் கண்ணாடிதான் கிடைத்ததா, சாமி?

மார்ச் 11, புதன்

டிஷ்ஷைப் போர்த்தியிருப்பது என் நல்ல படுக்கை விரிப்பு! நீலப்பூ போட்டது! "மூடாம விட்டா ஆபத்து" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததுதான். விழட்டும். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து உருவி, ஊறப்போட்டேன்.

சாயங்காலம்:

வெயில் நகர நகர அந்தச் சூடும் டப்பாவை விட்டு நகர்ந்து, கொடியில் காய்ந்த சட்டைமேல் விழுந்திருக்கிறது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மாவின் மகன் சட்டை. முதுகில் பெரிய ஓட்டை. மாடியெல்லாம் புகை.

"வீட்டையே கொளுத்தப் பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அது இறங்கணும். இல்ல, நீங்க இறங்கணும்!" என்று கத்தினார் அந்தம்மா.

"நான்தான் மூட மறந்துட்டேம்மா. மன்னிச்சிருங்க" என்றார் அவர்.

நான் வாளியோடு நின்றேன். வீட்டுக்குள் வந்ததும் விரிப்பை வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி சுவர். தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது.

மறந்தாராம்! ஒரு கண்ணாடியைக்கூடத் தப்பாகத் திருப்பியதில்லை என்று பீற்றிக்கொள்கிறவர், இதையா மறப்பார்?

மார்ச் 14, சனி

குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த விரிப்பு, துவைத்து, காயவைத்து, மடித்து என் படுக்கையில் இருக்கிறது. மகளுக்கு அது அங்கே இருந்ததே தெரியாது.

அப்படியானால் அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட மனுஷா, நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாமே! இப்ப நான் யார்மேல கோபப்படுறது?

மார்ச் 15, ஞாயிறு

சாமி கும்பிட்டுவிட்டு நேரே கீழே சொந்தக்காரம்மாவிடம் போனேன். "விரிப்பை எடுத்தது நான். அவர் மறக்கல."

"அப்புறம் ஏன் அவரு பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாரு?"

"அதை நான் கேட்டுக்கறேன். சட்டை புதுசு வாங்கித் தர்றேன். கொடியை அந்தப் பக்கம் மாத்திக் கட்டுறேன். இனிமே மூடுறது, திறக்கறது எல்லாம் என் பொறுப்பு."

"இன்னொரு தடவை புகை வந்துச்சு..."

"நாங்களே இறங்கிடுறோம்."

முனகிக்கொண்டே தலையாட்டினார். மேலே வந்தால் இவர் துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"வைங்க அதை! அது என் கண்ணாடி. என்னைக் கேக்காம யாரு எடுக்கறது?"

மார்ச் 22, ஞாயிறு

பல்பு எரிந்தது. மின்மினி அளவுக்குத்தான். அதற்கே மகள் தெருவைக் கூட்டிவிட்டாள்.

நோட்டில் 'களவு' என்பதை அடிக்கவில்லை. களவு களவுதான்.

பொழுது இறங்கியதும் சீப்போடு மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்த்துத் தலைவாரினேன். துண்டுக்கு ஒரு நான். அத்தனை பேரும் முறைக்கிறோம். எங்கள் தோளுக்குப் பின்னால் அத்தனை அவர், நீலப்பூ விரிப்பைப் பிடித்தபடி, நான் வாரி முடிக்கட்டும் என்று நிற்கிறார்.